ஒன்பதரை மணிப் பருப்பு

வீட்டுக்கு வருவோரைச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது நம்மவர் வழக்கம். எங்கள் எதிர்வீட்டு அம்மையார் அவ்வாறு கேட்டு நான் அறியேன். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்பதே அவருடைய கேள்வி. பதிலைக் கேட்டதும் நம் முகத்தைப் பாராமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். இன்னும் முக்கால் மணி நேரத்தில் உங்களுக்குக் கொட்டாவி வரும் என்றோ, பதினொரு மணிக்குள் யார்மீதாவது எரிந்து விழுவீர்கள் என்றோ, மேகத்தைப் பார்த்து மழை சொல்பவரைப் போல அமைதியாகச் சொல்வார். பெரும்பாலும் அவர் சொன்னபடியே நடந்தது. அதனால் எங்கள் குடியிருப்பில் ஒரு சிலர் அவரை மதித்தனர். மற்றவர் மாடிப்படியில் அவருடைய செருப்போசை கேட்டால் மின்தூக்கிக்குள் புகுந்துகொண்டனர்.

கிழக்குத் தாம்பரத்தில், இருப்புப்பாதையிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் இருந்தது அக்குடியிருப்பு. மூன்றாம் தளத்தில் இரண்டே வீடுகள். அவர்கள் கதவும் எங்கள் கதவும் ஐந்தடி இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்து நின்றன. நான் இரயில்வே பணிமனையில் மின்பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். எஞ்சிய படிப்பை நூலகத்து மேசையில் முடித்துக்கொண்டவன். அம்மையாரோ ஒரு பெரிய மருத்துவமனையின் சமையற்கூடத்தில், எந்த நோயாளியின் தட்டில் எது எத்தனை கிராம் இருக்கவேண்டும் என்று எழுதித்தரும் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். அவர்கள் அவ்வீட்டை விட்டுப் போய் நெடுநாளாகிறது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எண்ணும்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிடுவேன். இன்று எழுதிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற முதலாண்டில் எனக்கு ஒரு மனச்சோர்வு வந்தது. காலையில் நான்கு இட்டிலி, நண்பகலில் வற்றல் குழம்புச் சோறு, மாலையில் மறுபடியும் இட்டிலி. பொழுது சாயும் வேளையில் பால்கனியில் அமர்ந்திருப்பேன்; காரணமின்றிக் கண்கள் நிறையும். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. ஆனால் அம்மையார் ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, மூன்று வேளைக்கும் நான் உண்டவற்றை வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டு, "அழறீங்களா சார்?" என்றார். வெறும் அரிசியாகவே உண்டால் மூளைக்குள் உறக்கத்தையும் மந்தத்தையும் தருகின்ற பொருளுக்கே வழி தாராளமாகக் கிடைக்குமாம். சுறுசுறுப்பைத் தருவதற்கு வேண்டிய மூலப்பொருள் போதாமற் போகலாமாம். மறுநாள் காலை இரண்டு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் பச்சைப்பயறும் உண்ணச் சொன்னார். "பத்தரை மணிக்கு உங்களுக்குக் கோபம் வரும். வந்தா நல்லதுன்னு வச்சுக்குங்க" என்றார்.

நான் உண்டேன். பத்தரை மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. ஓட்டுநர் குழாயைச் சரியாகப் பொருத்தாமல் பாதித் தண்ணீரை வாசலில் ஓடவிட்டார். என் வாழ்நாளில் அவ்வளவு உரத்துப் பேசியதில்லை. "இன்னா சார், நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தே" என்று அந்த மனிதர் திகைத்தார். பேச்சின் நடுவே ஏதோ உறுத்த அண்ணாந்து பார்த்தேன். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரருகே அம்மையார் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, தம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். என் கோபம் என்னுடையது என்று அறுபதாண்டுகள் நம்பியிருந்தேன். அன்று அதை யாரோ கிண்ணத்தில் வைத்துப் பரிமாறியிருந்தார்கள்.

அவருடைய கணவர் வங்கி மேலாளராக இருந்தவர். நெடிய உருவம், மெல்லிய பேச்சு. அவருக்குப் பார்க்கின்சன் நோய். ஒரு நாளில் ஐந்து வேளை மாத்திரை. மாத்திரை வேலை செய்யும் நேரங்களில் நடப்பார், சவரம் செய்துகொள்வார், வார்த்தை தெளிவாகப் பேசுவார். வேலை செய்யாத நேரங்களில் உடல் மரம்போல் இறுகிவிடும். குரல் மூச்சுக்குள் ஒடுங்கும். கண்கள் மட்டுமே நம்மைத் தொடரும்.

ஒரு கிருத்திகையன்று நாங்கள் நால்வரும் குன்றத்தூர் முருகன் கோவிலுக்குச் சென்றோம். அம்மையாரின் கணவர் அன்று பழமும் தண்ணீரும் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் விரதம் இருந்தார். கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் அத்தனை படிகளையும் ஏறினார். பாதிப் படியில் மூச்சு வாங்கிய எனக்குக் கைகொடுத்தார். என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணீர் விட்டாள். முருகன் அருள் என்ற செய்தி அன்று மாலைக்குள் எங்கள் குடியிருப்பு முழுவதும் பரவிற்று. அம்மையார் எதையும் மறுக்கவில்லை. பிரகாரத்திலும் அவர் பார்த்தது தம் கைக்கடிகாரத்தைத்தான்.

அதன்பின் நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டிலும் கொலு. ஒருநாள் அம்மையார் கடைக்குப் போயிருந்த நேரம், அவர் கணவர் எங்கள் கூடத்துக்கு வந்து பொம்மைகளைப் பார்த்து மகிழ்ந்தார். நான் அன்போடு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தேன். விரும்பி உண்டார், மறுமுறையும் கொடுத்தேன். மேல்மாடிப் பெண் ஒருத்தியும் தன் வீட்டுச் சுண்டலை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். விடைபெற்று எழுந்தவர் எங்கள் வாயிற்படியில் ஒரு காலை எடுத்து வைத்த நிலையில் அப்படியே நின்றுவிட்டார். இமை அசையவில்லை. உதட்டோரம் எச்சில் வழிந்தது. கூடியிருந்த பெண்கள் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார்கள். ஒருத்தி கற்பூரம் கொளுத்தினாள். இன்னொருத்தி தன் மகளின் திருமணம் எப்போது கூடும் என்று அவரிடம் குறி கேட்டாள்.

அம்மையார் படியேறி வந்தார். கூட்டத்தைப் பார்க்காமல் மேசைமேல் கிடந்த காலிக் கிண்ணங்களைப் பார்த்தார். கணவரை நாற்காலியில் அமர்த்த எனக்குக் கைகாட்டிவிட்டு, "கோவிலும் இல்ல, அம்மனும் இல்ல சார். கொண்டைக்கடலை" என்றார்.

அன்றுதான் எனக்கு அவர் விளக்கினார். பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றின் புரதம் வயிற்றில் சிதைந்து அமினோ அமிலங்கள் என்னும் சிறு துணுக்குகளாகி இரத்தத்தில் சேர்கிறது. அவற்றுள் ஒரு கூட்டம் மூளைக்குள் நுழைவதற்கு ஒரு குறிப்பிட்ட வாசலே உண்டு. கணவரின் மாத்திரையும் அவ்வினத்தைச் சேர்ந்தது. அதற்கும் அதே வாசல்தான். "சாயங்காலம் பீச் ரயில் வந்து நிக்கும்போது தாம்பரம் மேம்பாலப் படிக்கட்டு எப்படி இருக்கும்? அந்தக் கூட்டத்துல இவர் மாத்திரை ஒத்தை ஆளா நிக்குது. எப்ப ஏறும்?" என்றார். விரத நாளில் படிக்கட்டு காலியாக இருக்கும். மாத்திரை தடையின்றி ஏறும். அதனாலேயே புரத உணவை இரவுக்கு ஒதுக்கிவிடும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். குன்றத்தூரில் நாங்கள் கண்ட அற்புதம் அவ்வளவே. என் மனைவி இதை ஏற்கவில்லை. எனக்கோ வியப்பு மிகுந்தது. ஒரு மனிதனின் நடையும் நாவும் ஒரு கைப்பிடிக் கடலைக்குக் கட்டுப்பட்டவை என்பதை எந்நூலும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அந்த வியப்பு அடுத்த கோடையில் அச்சமாக மாறிற்று.

வாரத்தில் இரண்டு நாள் அம்மையார் சந்தைக்கும் வங்கிக்கும் சென்று வருவார். அப்போது கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போவார். ஒருநாள் பதினொன்றேகால் மணிக்கு, நாளிதழைத் திருப்பிக் கொடுப்பதற்காக நான் உள்ளே சென்றேன். அவர் கணவர் நாற்காலியில் இறுகி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது. அதை ஓட்ட அவரால் இயலவில்லை, நான்தான் ஓட்டினேன். மேசையில் கழுவாத தட்டு. அதில் கெட்டிப் பருப்பின் கறையும் மஞ்சட்கருவின் துணுக்குகளும். பத்து மணி மாத்திரையின் காலி உறை அருகே கிடந்தது. இரவுக்கு உரிய உணவைக் காலையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அறியாதவர் கொடுத்தது அல்ல அது. அறிந்தவர் அளந்து கொடுத்தது. பிறகு நான் கவனித்தேன். அவர் வெளியே செல்லும் நாட்களிலெல்லாம் கணவர் கல்லாக இருந்தார்.

ஒரு வாரம் பொறுத்தேன். பின்பு நடையில் வைத்து, கதவைப் பூட்டாமல் போகிறீர்களே, அவர் வெளியே போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"கதவை நான் பூட்டறதில்ல சார். பருப்பு போடறேன்."

அதன்பின் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை நன்றாக வேலை செய்யும்போது அவர் மட்டும் எழுந்து நடப்பதில்லை. அவரோடு வேறு சிலரும் வருகிறார்கள். முதலில் வந்தவர் கணவரின் இறந்துபோன அண்ணன். குளிர்பெட்டியின் அருகே நின்றார். பிறகு அவருக்கே முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், ஈரத்துணியோடு. இவர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார், உட்காரச் சொல்வார். மருந்தினால் சிலருக்கு அப்படித் தோன்றுவதுண்டு என்று மருத்துவர் சொன்னாராம். ஒருநாள் நண்பகல் அம்மையார் கடைக்குப் போன நேரத்தில், இவர் அவர்களோடு நடந்து பெருங்களத்தூர் போகும் இருப்புப்பாதையின் நடுவே நின்றுவிட்டார். பாதைப் பணியாளர் ஒருவர் இழுத்துக் காப்பாற்றினார். கேட்டதற்கு, இதோ இந்தப் பக்கம்தான் என்று அவர்கள் அழைத்தார்கள் என்றாராம். மாத்திரையைக் குறைத்துப் பார்த்தார்கள். தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் போயிற்று. மறுபடியும் கூட்டினார்கள், அவர்களும் மறுபடியும் வந்தார்கள்.

"ரெண்டுக்கும் நடுவுல எனக்கு இருக்கறது ஒரு கரண்டிதான்" என்றார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அவருக்கு இது தெரியுமா?

"தெரிஞ்சா வாயைத் திறப்பாரா?"

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் முகத்தில் குற்றவுணர்வை நான் தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் நெடுநாள் உறங்காதவருக்கு இருக்கும் கண்கள் இருந்தன. இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள், பூட்டுப் போட்டிருந்தாலாவது அவர் தட்டிக் கூப்பிடலாமே என்றாள். அன்று எங்கள் வீட்டில் சாம்பார் மீந்துபோயிற்று.

மாசி மாதத்தில் அம்மையாருக்குக் கண்புரை அறுவை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஒரே மகள் வெளிநாட்டில் இருந்ததால் என்னை உடனிருக்கும்படி கேட்டார். இரண்டு டிபன் பாக்ஸ்களை மேசையில் வைத்தார். ஒன்றில் குழையப் பிசைந்த பருப்புச் சோறும் இரண்டு முட்டையும். மற்றதில் இரசச் சோறும் பீர்க்கங்காயும். முதலாவது ஒன்பதரை மணிக்கு, மற்றது மாலைக்கு. பத்து மணி மாத்திரைக்கு முன்பே பருப்பு உள்ளே போயிருக்கவேண்டும், நேரம் தவறக்கூடாது என்றார். ஆட்டோவில் ஏறிய பிறகும் தலையை நீட்டி, "ஒன்பதரை சார்" என்றார்.

நான் அவர் கணவரின் எதிரே அமர்ந்தேன். ஏழு மணி மாத்திரையின் பயனால் அவர் நன்றாக இருந்தார். மழித்த முகம், வெள்ளைச் சட்டை. சன்னலோரத்தில் யாரோ இருப்பதுபோல் அவ்வப்போது அங்கே பார்த்து, மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டார். ஒன்பது இருபத்தைந்துக்கு நான் எழுந்து முதல் பெட்டியைத் திறந்தேன். என் கை நின்றுவிட்டது. ஒரு மனிதனை அவன் அறியாமல் கல்லாக்கும் சோற்றை இதுவரை வேறொருவர் ஊட்டினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று ஊட்டப்போவது என் கை. அம்மையாருக்குக் கொடுத்த வாக்கை மீறி, இரண்டாவது பெட்டியையும் திறந்து, இரண்டையும் அவர் முன் வைத்து, எது வேண்டும் என்று கேட்டேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, முகத்தின் ஒரு பாதி மட்டும் அசையச் சிரித்தார்.

"அவ எதைக் குடுக்கச் சொன்னா? பருப்புதானே?"

என் கண் முதல் பெட்டிக்குப் போயிற்று.

"அதையே குடுங்க சார். அவ வெளியில போயிருக்கா. இந்த நேரத்துல இவங்க கூப்பிட்டாங்கன்னா நான் போயிடுவேன். மறுத்துச் சொல்ல எனக்கு மனசு வராது."

உங்களுக்குத் தெரியுமா என்று எப்படியோ கேட்டுவிட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் அவள் கையால் உண்டவன், இராத்திரிக்கு உரியதைக் காலையில் போட்டால் நாக்குக்குத் தெரியாதா என்றார். அப்படியானால் அம்மையாரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொல்லிட்டா அவளுக்குக் கை வராது சார்."

தாமே எடுத்து உண்ணத் தொடங்கினார். கடைசிச் சில கவளங்களை நான் ஊட்டினேன். பத்து மணிக்கு மாத்திரையைக் கொடுத்தேன். அம்மையார் சொன்ன அந்த வாசலில் கூட்டம் நின்றிருந்தது. பத்தரைக்கு விரல்கள் நடுங்கத் தொடங்கின. சற்று நேரத்தில் தோள்கள் இறுகின. குரல் அடங்குவதற்கு முன் அவர் பார்வை என் தோளைக் கடந்து பின்னால் சென்றது. வங்கியில் நெடுநேரம் காத்திருந்து ஏமாந்த வாடிக்கையாளரிடம் பேசும் பணிவோடு, "இன்னிக்கு இல்லைங்க. நாளைக்கு வாங்க" என்றார்.

என் பிடரியில் குளிர்ந்த காற்றுப் பட்டது. மின்விசிறி என் எதிர்ப்புறத்தில் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பணிமனையில் உயர் அழுத்தக் கம்பிகளுக்கு நடுவே நின்று பணியாற்றியவன் நான். ஆயினும் அன்று நண்பகல் வரையில் அந்த நாற்காலியில் கழுத்தைத் திருப்பாமலே உட்கார்ந்திருந்தேன்.

அம்மையார் எதிர்பார்த்ததற்கு முன்பாகவே, இரண்டு மணிக்கு, கறுப்புக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். வாசலிலேயே, ஒன்பதரைக்கா என்று கேட்டார். ஆம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன்: இரண்டு பெட்டியையும் திறந்ததை, அவரே பருப்பைக் கேட்டதை, கை வராது என்று அவர் சொன்னதை.

அவர் நின்றபடியே கேட்டார். பிறகு கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"எத்தனை நாளா தெரியும்?" என்று கணவரைக் கேட்டார்.

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கண்கள் மட்டும் கீழே அவரை நோக்கித் திரும்பின. அந்தப் பதில் வெளியே வருவதற்கு, உள்ளே போன பருப்பு கரைந்து, வாசலில் கூட்டம் கலைந்து, அடுத்த மாத்திரை ஏற வேண்டும். அதற்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்பதை அம்மையாரைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை. எனினும் அன்று அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கணவரின் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தார். இருவரில் எவர் கல் என்று எனக்குத் தெரியவில்லை. ஓசையின்றிக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். மாலையில் கணவர் என்ன பதில் சொன்னார் என்பதை நான் அறியேன்.

மறுநாளிலிருந்து அவ்வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. காலை ஒன்பதரை மணிக்கு, எங்கள் கதவு திறந்திருந்தால் தெளிவாகக் கேட்கும்.

"இன்னிக்கு என்கூட இருக்கீங்களா, அவங்ககூடவா?"

அவருடைய மறுமொழி எங்கள் காதுக்கு எட்டாது. அவருடையது எப்போதும் மெல்லிய பேச்சு. பின்வரும் ஓசைகளைக் கொண்டே நாங்கள் அறிந்துகொள்வோம். சில நாட்களில் கரண்டி தட்டில் படும் ஒலி. அதன்பின் அம்மையார் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிப்பார். பிற்பகல் வரை அவர் குரல் ஒன்றே கேட்கும்.

கரண்டி ஒலிக்காத மற்ற நாட்களில் அம்மையார் வெளியே செல்வதை முற்றிலும் நிறுத்திவிட்டார். அந்நாட்களில் நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்கும். அவ்வீட்டில் இருந்தவர் இருவர். நான் எண்ணியிருக்கிறேன், இழுபட்டவை ஐந்து. "உக்காருங்க. எங்கயும் போக வேணாம், இங்கயே பேசிட்டு இருங்க" என்று அம்மையார் விருந்தினரிடம் பேசும் குரலில் சொல்வார். கணவர் மெல்லச் சிரிப்பார். பின்பு சற்று நேரம் எந்த ஓசையும் இராது.

அந்த அமைதியின் முடிவில், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்பவரைப் போல, அம்மையார் சொல்வார்:

"ஆமாங்க. நான்தான் அவர் சம்சாரம்."